லாய்ட் மேஸ்திரியின் தொண்டை

லாய்ட் மேஸ்திரியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் நான் பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறேன். அவன் கல்யாணங்களுக்குப் பிரியாணி செய்கிற சமையல் மேஸ்திரி. என் அண்டாக்கள் இல்லாமல் அவனுக்கு வேலை ஓடாது, அவனுக்கு வேலை வராவிட்டால் என் அண்டாக்கள் கடையை விட்டு நகராது. ஆகவே பிடிக்காமலே முப்பது வருஷம் ஓட்டிவிட்டோம். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம், இன்றைக்கும் ஒரே சர்ச்சுக்குத்தான் போகிறோம். அவன் தொண்டை அடைத்துக்கொண்ட கதை ஊரில் நாலு விதமாகச் சுற்றுகிறது. அதில் மூன்று அவனே கட்டிவிட்டது. கூடவே இருந்து பார்த்தவன் நான்தான் என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

அவனுக்குச் சமையல் தெரியும். இல்லை என்று சொன்னால் நான் பொய்யன். தங்கச் சுரங்கம் மூடுவதற்கு முன்பே வாணியம்பாடிப் பக்கம் போய் வேலை கற்றுக்கொண்டு வந்தவன். முந்நூறு பேருக்குச் சோறு வடித்தாலும் ஒரு பருக்கை உடையாது. கெட்டது அந்தக் கை இல்லை, வாய். அடுத்தவன் சமைத்த கல்யாணத்துக்குப் போனால் ஒரு கவளம் வாயில் போட்டுவிட்டுத் தட்டை நாற்காலிக்கு அடியில் தள்ளுவான். "இது பிரியாணி இல்லடா, தக்காளி சோத்துல ஆடு குளிச்சினு போயிருக்குது" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொல்வான். பக்கத்துப் பாலகாட்டில் டைட்டஸ் என்று ஒரு சின்ன மேஸ்திரி இருக்கிறான், சாது. அவனுக்கு 'புளிசோறு' என்று பேர் வைத்தது லாய்ட்தான். அந்தப் பேர் டைட்டஸை விடவே இல்லை.

அவனிடம் வேலை செய்தவர்கள் பாடு இன்னும் மோசம். ஸ்கெலட்டன் லைன் என்கிற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து பாப்பம்மா என்று ஒரு அம்மாள் இருபது வருஷம் அவனுக்கு வெங்காயம் உரித்து நறுக்கிக் கொடுத்தாள். ஒரு கல்யாணத்தில் வெங்காயம் தடிப்பாக இருக்கிறது என்று தாம்பாளத்தோடு தூக்கி அவள் காலடியில் எறிந்தான். அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பக்கத்தில் அவள் மகள், பள்ளிக்கூட யூனிஃபார்மோடு நின்றிருந்தாள். நானும் நின்றிருந்தேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அண்டா வாடகைக்காரன் என்ன சொல்வான்?

பயப்படுகிறவர்களைக் கண்டால் அவனுக்குக் கொண்டாட்டம். எனக்கு ஏணி ஏறினால் கால் நடுங்கும். அதை வைத்து என்னை அவன் கேலி செய்யாத கிறிஸ்துமஸ் இல்லை. அவன் மனைவி பியூலாவுக்கு இடி என்றால் பயம். வானம் உறுமினால் அவள் காதைப் பொத்திக்கொள்வாள், இவன் பக்கத்தில் போய்த் தட்டைத் தரையில் போட்டு அடிப்பான். "பயம்ன்றது சோம்பேறிங்க கண்டுபுட்ச்ச வியாதி" என்பான். இந்த வசனம் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மே மாதம், ஊரிகத்தில் ஒரு கல்யாணம். முதல் பந்தி முடிந்ததும் தன் அடுப்புக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, எல்லோரும் பார்க்கும்படி உட்கார்ந்து சாப்பிடுவது லாய்டின் வழக்கம். தட்டில் குறைந்தது நாலு நல்லி எலும்பு இருக்க வேண்டும். அன்றைக்கும் அப்படி உட்கார்ந்து, போன வாரம் டைட்டஸ் செய்த பிரியாணியைக் கிழித்துக்கொண்டிருந்தான். பேச்சு பாதியில் நின்றது. கண் பிதுங்கியது. கை இரண்டும் கழுத்துக்குப் போயின. முகம் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது.

நல்ல வேளையாகப் பெண்ணுக்குத் தாய்மாமன் ஆஸ்பத்திரியில் நர்சு வேலை பார்க்கிறவர். ஓடி வந்து பின்னாலிருந்து கட்டிப்பிடித்து வயிற்றில் கையைக் குவித்து மேல்நோக்கி ஓங்கி அமுக்கினார். மூன்றாவது அமுக்கில் ஒரு எலும்புச் சில்லு வெளியே வந்து என் அண்டா மூடியில் விழுந்தது. எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். ஜனங்கள் கை தட்டினார்கள். லாய்ட் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். அந்த மனிதருக்கு ஒரு நன்றி சொல்லவில்லை. "இன்னா வேடிக்க? வேலயப் பாருங்கடா" என்றான்.

மறுநாள் காலை பியூலா இட்லி வைத்தாள். ஒரு விள்ளலை வாயில் போட்டு மென்றான், மென்றான், மென்றுகொண்டே இருந்தான். உள்ளே போகவில்லை. துப்பிவிட்டு எழுந்தான். மதியம் சோறும் அப்படியே. மூன்றாம் நாள் அவன் குடித்தது கேழ்வரகுக் கஞ்சி, அதையும் வெள்ளைத் துணியில் வடிகட்டி. அப்புறம் மோர், பால், தெளிந்த ரசம். ஆறு மாதம் அவன் தொண்டைக்குள் இறங்கியது இவ்வளவுதான்.

தொண்ணூற்றிரண்டு கிலோ இருந்தவன் அறுபத்தைந்துக்கு வந்தான். சட்டை அடுத்தவன் சட்டை மாதிரி தொங்கியது. கேட்டால் டயட் என்றான். வேலைக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தான். உப்புக் காரம் பார்க்க வாயில் போட வேண்டுமே; போட்டான், பார்த்தான், அடுப்புக்குப் பின்னால் திரும்பித் துப்பினான். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். தான் சமைத்ததைத் தானே துப்புகிறவன் என்று பேச்சுக் கிளம்பியது. அடுத்த இரண்டு கல்யாணங்கள் டைட்டஸுக்குப் போயின.

பிறகு ஊரே வைத்தியரானது. வாழைப்பழத்தை முழுசாக விழுங்கு என்றான் ஒருவன், அதைச் சொன்னவனுக்கு அறிவு இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்க வேண்டும். தொண்டையில் தடவ ஜெபித்த எண்ணெய் வந்தது. டைட்டஸ் செய்வினை வைத்துவிட்டான் என்றும் ஒரு கட்சி. லாய்டுக்கு எண்ணெயும் சரி, செய்வினையும் சரி. பயம் என்ற வார்த்தையை மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

பியூலா அழுது அடம்பிடித்து அவனை ரயிலேற்றிப் பெங்களூருக்குக் கூட்டிப்போனாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டை வழியாகக் குழாய் விட்டுக் கேமராவில் பார்த்தார்கள். புண் இல்லை, கட்டி இல்லை, அடைப்பு இல்லை. டாக்டர் சின்னப் பையன் வயசு. "தொண்டை நல்லா இருக்கு. விழுங்கறதுக்கு நீங்க பயப்படறீங்க. அதுக்குத் தனியா ஆள் இருக்காங்க, எழுதித் தரேன்" என்றார். லாய்ட் அந்தக் காகிதத்தை ரயிலிலேயே கிழித்து ஜன்னல் வழியாகப் பறக்கவிட்டான். "பயமாம்! எனக்காம்! மீசை மொளைக்காதவன் சொல்றான்."

இதற்கு நடுவில் பங்காரப்பேட்டையில் ஹிப்னாடிச நிபுணர் ஒருவர் இருப்பதாக யாரோ சொல்ல, உடனே கிளம்பிவிட்டான். மனோவசியம் என்றால் வெளியிலிருந்து யாரோ வந்து கட்டை அவிழ்ப்பது. தன் மேல் குற்றம் இல்லை. அது அவனுக்கு வசதியாக இருந்தது. நிபுணரின் போர்டில் ஒரு கண், அதிலிருந்து நாலு பக்கமும் மின்னல். நிபுணர் ஒரு சங்கிலியை ஆட்டி "தூங்கு, தூங்கு" என்றார். லாய்ட் குறட்டை விட்டான். போன ஜென்மத்தில் மைசூர் அரண்மனையில் தலைமைச் சமையல்காரனாக இருந்து விஷம் வைத்துக் கொல்லப்பட்டான், அதனால்தான் தொண்டை அடைக்கிறது என்று நிபுணர் கண்டுபிடித்துச் சொன்னார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், போன ஜென்மத்தை ஒரு வாரம் என் கடையில் உட்கார்ந்து அளந்தான். "ராஜாவுக்கே ஆக்கிப் போட்ட கைடா நோயலு இது" என்பான் என்னிடம். அந்த வாரம் இன்னும் இரண்டு கிலோ குறைந்தான்.

அந்த வீட்டில் புத்தியுள்ள ஒரே ஆள் பியூலா. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கிழிந்த காகிதத்தில் இருந்த பேரைக் கேட்டு வாங்கினாள். பார்த்தால் அந்த அம்மாள் சனிக்கிழமைகளில் நம்ம ராபர்ட்சன்பேட்டையிலேயே, மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில் ஒரு அறை எடுத்து உட்காருகிறாளாம். "அண்ணே, தொண்ட டாக்டருன்னு மட்டும் சொல்லி இட்டுனு போங்க" என்று என்னிடம் கெஞ்சினாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். என் முதுகில் சாய்ந்த உடம்பில் கனமே இல்லை.

மாடிப்படி இருபத்தொன்று. மூன்று இடத்தில் நின்று நின்று ஏறினான். உள்ளே மேஜைக்குப் பின்னால் ஒரு பெண், முப்பது வயது இருக்கலாம், காட்டன் புடவை. லாய்ட் அவளை உற்றுப் பார்த்தான்.

"நீ பாப்பம்மா பொண்ணு லதா இல்ல?"

"ஆமா அங்கிள். உக்காருங்க."

லாய்ட் என் பக்கம் திரும்பினான். "கெளம்பு நோயலு. எனக்கு வெங்காயம் உரிச்சவ பொண்ணுகிட்ட நான் வைத்தியம் பாத்துக்கணுமா?"

எனக்கு முகம் சுருங்கியது. அவளுக்குச் சுருங்கவில்லை. "போறதுன்னா போங்க அங்கிள். எங்கிட்டதான் பாக்கணும்னு கட்டாயம் இல்ல. நமக்குள்ள பழசு இருக்கு, அது உங்களுக்குத் தொந்தரவுன்னா பெங்களூருல வேற ஒருத்தர் பேரு தரேன். மனநோய்க்குப் படிச்சவங்கதான், நல்லவங்க" என்று சொல்லிச் சீட்டை எழுத ஆரம்பித்தாள். "எனக்குத் தொந்தரவு இல்ல. அப்படி இருந்தா நானே மொதல்ல சொல்லிடுவேன்."

லாய்ட் கதவு வரை போனான். இருபத்தொரு படியையும் மேலிருந்து பார்த்தான். பெருந்தன்மையால் அவன் திரும்பி வந்தான் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. இறங்கத் தெம்பில்லை. வந்து நாற்காலியில் விழுந்து, "இவன் உள்ளயே இருக்கட்டும். நீ எதுனா எழுதி வாங்கிட்டா?" என்றான். அவள் சரி என்றாள். நான் மூலையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

முதலில் அரை மணி நேரம் கேள்விகள்தான். எந்தச் சாப்பாடு, எந்த இடத்தில் நிற்கிறது, அப்போது மூச்சு எப்படி, கை எப்படி, எச்சில் இறங்குகிறதா. எல்லாம் எழுதிக்கொண்டாள். பிறகு ஹிப்னோதெரபி செய்து பார்க்கலாமா என்று கேட்டாள். லாய்ட் சிரித்தான். "சங்கிலி எங்க?"

"சங்கிலி கெடையாது. தூங்கவும் மாட்டீங்க. நான் பேசறது பூரா உங்க காதுல விழும். வேணாம்னு தோணிச்சுன்னா கண்ணத் தொறந்துட்டு எழுந்து போயிடலாம்."

"என் மனச யாரும் வசியம் பண்ண முடியாது."

"நான் பண்ணப் போறதில்ல. பண்ணப் போறது நீங்க. பெரிய கல்யாணம் ஒண்ணுக்குப் பிரியாணி போடணும். கண்ண மூடிக்கினு அடுப்பு பத்த வைங்க, போதும்."

அவன் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கண்ணை மூடினான். அவள் குரலைத் தாழ்த்தி, அவசரமே இல்லாமல் பேசினாள். கால் விரலிலிருந்து ஆரம்பித்தாள். பாதம் கனமாகிறது, முழங்கால் தளர்கிறது, தோள் இறங்குகிறது. பிறகு விறகு. புகை. அண்டாவில் எண்ணெய் காய்கிற வாசனை. பட்டை, கிராம்பு. வெங்காயம் பொன்னிறமாகிறது. அதன் பிறகு, "இப்போ அரிசியப் போடறீங்க" என்றாள்.

"தூ. கறி வேகாம அரிசியா?" லாய்டின் கண் திறக்கவில்லை. குரல் மட்டும் வந்தது, தூரத்திலிருந்து வருவது போல. "மொதல்ல கறி. அப்புறம் தயிரு."

"சரி அங்கிள், கறி. நீங்களே சொல்லுங்க."

அவன் சொன்னான். கை தானாகக் காற்றில் கிளறியது. அவள் வேண்டுமென்றுதான் தப்பாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தம் போட்டு, மூடி மேல் நெருப்புக் கங்கு வைத்து, காத்திருந்து திறந்தான்; ஆவி முகத்தில் அடித்தது. அவன் கழுத்தில் குரல்வளைக் குமிழ் மேலே போய்க் கீழே இறங்கியது. மறுபடி இறங்கியது. எச்சில் விழுங்குகிறான். அவள் அப்போதுதான், "இந்தத் தொண்டைக்கு வேல தெரியும். அம்பது வருஷமாச் செய்யுது. அது பாட்டுக்குச் செய்யட்டும்" என்று ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

கண்ணைத் திறந்ததும், "அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சா?" என்றான். முப்பத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. "நான் தூங்கல, சொல்லிட்டேன்" என்றான். "தூங்கச் சொல்லலயே" என்றாள் அவள்.

அடுத்த தடவை பியூலாவும் வந்தாள். அவளுக்கு லதா பொறுமையாக விளக்கினாள். இதில் மந்திரம் இல்லை. மனசு ஒரே இடத்தில் ஊன்றி உடம்பு தளர்ந்திருக்கும் நேரத்தில் சொல்வது உள்ளே போகிறது. எலும்பு சிக்கிய அன்றைக்கு அந்த ஒரு நிமிஷத்தில் உடம்பு பயத்தைக் கற்றுக்கொண்டது, அதே உடம்புக்கு இன்னொன்றைக் கற்றுக்கொடுக்கலாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி பலிக்காது, சிலருக்குப் பலிக்கவே பலிக்காது. கண்ணை மூடுவது பாதி வேலை, மீதி வீட்டில் தினமும் செய்யும் பழக்கம். "இவருக்கு வரும்னு நெனக்கிறேன். சமையல்னா முழுசா உள்ள போயிடறாரு" என்றாள்.

வீட்டுக்கு ஒரு வரிசை எழுதிக் கொடுத்தாள். முதல் வாரம் வடிகட்டாத கஞ்சி. பிறகு குழைத்த பருப்புச் சோறு. டீயில் ஊறிய ரொட்டி. பழுத்த வாழைப்பழம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் போனில் அவள் பதிவு செய்து கொடுத்த குரலைப் பத்து நிமிஷம் கேட்டுத் தளர வேண்டும். பாப்பம்மா மகள் குரல் தன் வீட்டில் கேட்பது லாய்டுக்குக் கௌரவக் குறைவு. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டு, வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து கேட்டான். பியூலா சொன்னபோது என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஊரையே அதட்டியவன், வாளி மேல் கண்ணை மூடிக்கொண்டு!

ஆனால் நாலு வாரத்தில் ரொட்டி இறங்கியது. ஆறாவது வாரம் வாழைப்பழம்.

ஏழாவது வாரம் சட்னியில் ஒரு நிலக்கடலைத் தோல் நாக்கில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். செத்தேன் செத்தேன் என்று தெருவுக்கு ஓடி வந்துவிட்டான். மறுபடி வடிகட்டிய கஞ்சி. வரிசையில் இல்லாததை அவசரப்பட்டுத் தின்றவன் அவன், பழி லதா மேல். போகிற இடமெல்லாம், "வெங்காயம் உரிக்கிறவ பொண்ணு இப்போ ஜனங்க மனச உரிக்கிறாளாம். ஏமாத்து வேல. நானே போயிப் பாத்தேன்" என்று சொல்லித் திரிந்தான். சர்ச் வாசலில், காய்கறி மார்க்கெட்டில், என் கடையில்.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு என் கடையில் உட்கார்ந்து அதையே பேசிக்கொண்டிருந்தபோது பாப்பம்மா வந்து நின்றாள். அறுபத்தைந்து வயது, ஒல்லி, கையில் ரேஷன் பை. லாய்ட் பேச்சை நிறுத்தினான்.

"இன்னா மேஸ்திரி, நிறுத்திட்டே? சொல்லு. கேக்கத்தான் வந்தேன்."

"உன்ன இன்னா சொன்னேன்? உம் பொண்ணு..."

"எம் பொண்ணுகிட்ட நீ போறேன்னு எனக்குத் தெரியவே தெரியாது. வாரா வாரம் சனிக்கெழம எங்க வூட்லதான் துன்றா, தூங்குறா. ஒரு வார்த்த சொல்லல. நீ வந்தன்னு சொல்லல, உனுக்கு இன்னா வியாதின்னு சொல்லல. மார்க்கெட்ல நீ சொல்லித்தான் நான் கேட்டுக்கினேன். அவ மூடி வச்சத நீ தொறந்து ஊரெல்லாம் கொட்டினு கீற. யாரு மானம் போவுது, பாத்துக்கோ."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த மாதத்திலிருந்து அவள் வெங்காயம் நறுக்கியது டைட்டஸுக்கு. லாய்ட், "கெழவிக்கு வாய் ஜாஸ்தியாயிடுச்சி" என்றான். அவள் பேசியதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவன் மறுபடி லதாவிடம் போனான். வெட்கப்பட்டுப் போனான் என்று எழுத எனக்கும் ஆசைதான். காரணம் வேறு. அந்தோணியார் திருவிழா வாரத்தில் எண்ணூறு பேர் கல்யாணம் ஒன்று, லாய்டுக்கே வரும் என்று ஊர் நினைத்திருந்தது, டைட்டஸுக்குப் போய்விட்டது. 'துப்புற மேஸ்திரி வேணாம்' என்று பெண்ணின் அப்பா சொன்னாராம். அதைக் கேட்ட மறுநாள் என்னை ஸ்கூட்டர் எடுக்கச் சொன்னான்.

லதா பழைய காகிதத்தை எடுத்தாள், விட்ட இடத்தைப் பார்த்தாள். "ரொட்டியிலருந்து திரும்ப ஆரம்பிக்கலாம்" என்றாள். அவன் கொஞ்ச நேரம் நெளிந்துவிட்டு, "உங்கம்மா கோவமா கீறாளா?" என்று கேட்டான்.

"இங்க உங்க தொண்டையப் பத்தி மட்டும் பேசலாம் அங்கிள்."

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிப்புக் கேள் என்றும் சொல்லவில்லை. எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. அவன் கொஞ்சம் குனிவதைப் பார்க்கலாம் என்றுதான் நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன் என்பது அப்போது எனக்கே புரிந்தது.

நாலு சனிக்கிழமைக்குப் பிறகு அவள் அவனை ஊரிகம் கல்யாணத்துக்கே திரும்பக் கூட்டிப்போனாள், கண்ணை மூடிய நிலையில். அதே நாற்காலி, அதே தட்டு. ஆனால் இந்தத் தடவை நீங்கள் பேசாமல் சாப்பிடுகிறீர்கள் என்றாள். பல்லில் சில்லு தட்டுப்படுகிறது. நிறுத்துகிறீர்கள். விரலால் எடுத்துத் தட்டு ஓரத்தில் வைக்கிறீர்கள். மறுபடி மெல்லுகிறீர்கள். லாய்டின் நெற்றியில் வியர்வை பூத்தது. கை நாற்காலியை இறுக்கியது. அவள் மூச்சுக்குத் திரும்பினாள், தளர்த்தினாள், மறுபடி தட்டுக்கு வந்தாள். நாலாவது தடவையில் அவன் கை அவிழ்ந்தது. மூடிய கண்ணோடு, ரொம்ப மெதுவாக, "செத்துட்டேன்னு நெனச்சேன்மா. ஒரே இருட்டு. பயந்துட்டேன்" என்றான்.

அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதலும் கடைசியும். எனக்கு என்னவோ போல் இருந்தது. தப்பாக நினைக்காதீர்கள், பிடித்துப்போய்விடவில்லை. வெறுக்கிறதற்குச் சௌகரியமான ஆள் திடீரென்று இப்படிப் பேசினால் நமக்குத்தான் சங்கடம்.

பன்னிரண்டாவது தடவை பியூலா கொத்துக்கறி கொண்டுவந்தாள். அந்த அறையிலேயே ஒரு கரண்டி சாப்பிட்டான். அடுத்த வாரம் எலும்பில்லாத துண்டு. அதற்கடுத்த வாரம் எலும்போடு, சின்னது. மென்றான், நிறுத்தினான், எலும்பை எடுத்து ஓரமாக வைத்தான், விழுங்கினான். இறங்கியது. பியூலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். லாய்ட் தட்டைத் தள்ளிவிட்டு அவளைப் பார்த்து, "உப்பு பத்தல" என்றான்.

லதா காகிதத்தில் ஏதோ எழுதி முடித்து, இனி வரத் தேவையில்லை, எப்போதாவது மறுபடி அடைப்பது போல் இருந்தால் பயப்படாமல் போன் செய்யுங்கள் என்றாள். அவன் தலையாட்டிவிட்டு இறங்கினான். இருபத்தொரு படியும் நிற்காமல்.

இப்போது எண்பது கிலோ இருக்கிறான். பழைய வாய் முழுசாகத் திரும்பிவிட்டது. எப்படிக் குணமானது என்று கேட்பவர்களுக்கு ஜெபித்த எண்ணெய் என்கிறான். கொஞ்சம் படித்தவர்கள் கேட்டால் மனவலிமை என்கிறான். லதாவின் பேர் வருவதே இல்லை. இதை ஒரு சனிக்கிழமை லதாவிடமே போய்ச் சொன்னேன், அவளுக்குக் கோபம் வரட்டும் என்றுதான். "வேற யாரப் பத்தியும் நான் பேச மாட்டேன் அங்கிள்" என்றாள். பிறகு, "உங்களுக்கு ஏணின்னா பயம்னு அம்மா சொல்லியிருக்காங்க. அதப் பத்திப் பேசணும்னா பேசலாம்" என்றாள். எனக்கு அவசர வேலை இருப்பது ஞாபகம் வந்து இறங்கி வந்துவிட்டேன்.

போன தையில் பெரிய கல்யாணம் ஒன்று லாய்டுக்கு வந்தது. பாப்பம்மாவைத் திரும்ப வரச் சொல்லி என்னைத்தான் தூது அனுப்பினான். ஸ்கெலட்டன் லைனுக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கிப் போட்ட வெங்காயத்தப் பொறுக்கினேனே, அன்னிக்கி எம் பொண்ணு பாத்துனு இருந்தா. அத வுட்டுட்டு அவ வைத்தியம் பாத்தா, அது அவ படிப்பு. நான் படிக்கல. வர மாட்டேன்னு சொல்லு" என்றாள். எனக்கு டீ வேண்டுமா என்றும் கேட்டாள். நானும் அன்றைக்கு நின்று வேடிக்கை பார்த்தவன்தான் என்று அவளுக்கு ஞாபகம் இருக்கும். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கல்யாணத்தில் லாய்ட் வேறு ஆட்களை வைத்து வெங்காயம் நறுக்கினான், வழக்கம்போலக் கத்தினான். முதல் பந்தி முடிந்ததும் அவன் நாற்காலியைத் தேடினேன்; அடுப்புப் பக்கம் காணோம். அண்டாக்களை எண்ணப் பின்பக்கம் போனபோது சாமியானாத் துணிக்கு மறைவில் தனியாக உட்கார்ந்திருந்தான். மடியில் தட்டு. கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தான். இரண்டு நிமிஷம் இருக்கும். பிறகு கண்ணைத் திறந்து முதல் கவளத்தை வாயில் வைத்தான், மென்றான், விழுங்கினான். என்னைப் பார்த்துவிட்டான்.

"இன்னா பாக்கற? சாப்பாட்டுக்கு முன்னால ஜெபம் பண்றது உனுக்குத் தெரியாதா?" என்றான்.